பாக் விரிகுடாவில் கடற்பசுக்களைக் கணக்கெடுப்பது எப்படி?

இந்தியக் கடல்களில் கடற்பசுக்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று கேட்பவர்களிடம், சில நூறுக்கு மேல் இராது என்ற பொதுவான மதிப்பீட்டை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் இவ்விலங்குக்கு முதுகுத் துடுப்பு கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும்போதும் மூக்கு நுனிதான் தெரியும், அதுவும் ஓரிரு நொடி. கலங்கிய நீரில், அதே கடற்புல்லை மேய வரும் பேராமையின் தலையிலிருந்து இதைப் பிரித்தறியப் பழகிய கண்ணும் தடுமாறும்.

ஆகவே, நீருக்கடியில் இருந்ததால் தெரியாமல் போனவற்றையும், மேலே வந்தும் பார்வைக்குத் தப்பியவற்றையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடற்பசுக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஆஸ்திரேலியாவின் வடகடலில் விமானக் கணக்கெடுப்புக்கு இந்தக் கணிதம் கைகொடுக்கிறது. இங்கே நாள் முழுதும் தேடியும் ஒன்றுகூடத் தென்படாமல் போகலாம். அதை வைத்து அந்தப் பகுதியில் கடற்பசு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

விலங்கு தென்படாத இடத்திலும் அது மேய்ந்த தடம் கிடைக்கும். சிறிய இலைகளுள்ள கடற்புல்லைக் கடற்பசு வேரும் தண்டுமாகப் பெயர்த்துத் தின்பதால், புல்வெளியின் நடுவே மணல் தெரியும் நீண்ட வெற்றுப் பட்டை விழுகிறது. முங்கி அதன் அகலத்தை அளந்து, ஓரம் கூர்மையாக இருக்கிறதா, புதுத்தளிர் முளைத்துவிட்டதா என்று பார்த்தால் தடம் புதியதா பழையதா என்பது புரியும். நங்கூரம் கீறிய கோட்டையும் திருக்கை தோண்டிய குழியையும் இதோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. உயரமான புல்வகைகளில் இலையை மட்டும் மேய்வதால் தடமே விழாமலும் போகலாம்.

மீனவர்களிடம் விசாரிக்கும்போது, நமது கடலில் இல்லாத கடல்நாயின் படத்தையும் கலந்து காட்டுவது நல்லது. அதையும் பார்த்ததாகச் சொல்பவரின் மற்ற பதில்களை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டி ஈனும் இனத்தில், வலையில் மூச்சுமுட்டிச் சாகும் ஒவ்வொரு தாயும் பேரிழப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, அதாவது உச்சப் பாதுகாப்பு பெற்ற, விலங்கென்பதால் வழக்குக்கு அஞ்சிச் சிலர் உடலைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். தற்செயலாகச் சிக்கியதை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளித்திருப்பது பல ஊர்களுக்கு இன்னும் தெரியாது. உயிரோடு சிக்கினால் மூக்கை நீருக்கு மேல் தாங்கிப் பிடித்து வலையை அறுத்துவிடுங்கள். இறந்து ஒதுங்கினாலும் தகவல் சொல்லுங்கள்; தந்தமாக நீண்ட வெட்டுப்பல்லின் வளர்ச்சி அடுக்குகளிலிருந்து அதன் வயதையும், இரைப்பையிலிருந்து அது கடைசியாக மேய்ந்த புல்லையும் அறிய முடியும்.