தேயிலை மாடியை வீடாக்குகிறீர்களா? ஜன்னல்களை அடைக்காதீர்கள்

மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையை வாங்கி, பறித்த தழையைப் பரப்பி ஈரம் போக வாட்டிய மேல்மாடியை வீடாக்கும் ஆசை நீலகிரியில் இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். குறுக்குச் சுவரில்லாத நீளம், இரும்புத் தூண்கள், பலகைத் தளம், இரு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள். இப்படி ஒரு கூடத்தை இன்று புதிதாகக் கட்டினால் செலவு தாங்காது. அதைக் கெடுக்கிறார்களே என்றுதான் கோபம் வருகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மறுபடியும் அதே அழைப்பு: "சார், ஒரு இடுக்கு விடாம அடைச்சாச்சு. அப்புறமும் சுவரெல்லாம் தண்ணி வழியுது, பீரோவுல இருக்கற துணியெல்லாம் பூஞ்சை."

அடைத்ததால்தான் வழிகிறது.

"ஃபாக்டரி ஓடினப்போ மேல கதகதப்பா இருக்குமே" என்பார்கள். இருந்தது. ஆனால் அது கட்டடத்தின் சூடு இல்லை. கீழே டிரையரிலிருந்து வந்த வெப்பக் காற்றை விசிறி வைத்து மேலே தள்ளினார்கள். பச்சைத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்த ஈரம் வெளியேறத்தான் அத்தனை ஜன்னல்கள். டிரையர் நின்ற பிறகு மிஞ்சுவது தகரக் கூரையும் சில்லென்ற சுவரும்தான். அதற்குள் ஒரு குடும்பம் சமைக்கிறது, வெந்நீரில் குளிக்கிறது, காயாத துணியைக் கொடியில் போடுகிறது, இரவு முழுக்க மூச்சு விடுகிறது. இத்தனை நீராவியும் போக வழியில்லாமல் குளிர்ந்த கூரையில் பட்டுச் சொட்டுகிறது. மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்து வெளிச்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பதில் பயனே இல்லை. ஈரம் வருவது உள்ளேயிருந்து.

குளிரைத் தடுப்பது வேறு, காற்றைத் தடுப்பது வேறு. குளிரைத் தடுக்கக் கூரையைக் கவனியுங்கள். ஷீட்டுக்குக் கீழே காற்றோட இடைவெளி விட்டு, 100 மில்லிமீட்டர் ராக்வூல் (குளிரைத் தடுக்கும் பாறை இழைப் பஞ்சு) கொடுங்கள். அறைப் பக்கம் நீராவி புகாத பிளாஸ்டிக் தாள் வர வேண்டும். இதை மாற்றிப் போட்டால் ராக்வூலே நனைந்துபோகும். சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகள் நேராக வெளியே திறக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் குழாயை விட்டு முடித்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், மேலே ஏறிப் பாருங்கள்.

மொத்தக் கூடத்தையும் சூடாக்க நினைக்காதீர்கள். கூடத்துக்குள்ளேயே தாழ்ந்த கூரையோடு, மரச்சட்டமும் ராக்வூலும் வைத்த படுக்கையறைகளைத் தனியாக நிறுத்துங்கள். தெற்கு ஜன்னல்களுக்கும் அந்த அறைகளுக்கும் நடுவே ஆறடி விட்டால் நல்ல தாழ்வாரம் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது, வெயில் தானாக உள்ளே வரும். வடக்கு ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. மீதி இடம் கூடமாகவே இருக்கட்டும், கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸை மறைக்க வேண்டாம்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கொடைக்கானலில் பார்பெக்யூ அடுப்பை அறையில் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை தெரியவில்லையே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கேஸ் கீசரும் குளியலறைக்குள் வேண்டாம், வெளிச்சுவரில் மாட்டுங்கள்.

அடுத்தது பாரம். வாட்டும் தொட்டியில் தழை, சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோதான். பத்தடி உயர, நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஓரடி நீளத்துக்கே 200 கிலோவைத் தாண்டும். பலகைத் தளத்தில் அதைக் கட்டச் சொல்லும் மேஸ்திரியை அங்கேயே நிறுத்துங்கள். தடுப்புக்கு மரச்சட்டமும் போர்டும் போதும். குளியலறைகளை ஒரே இடத்தில், கீழே கருங்கல் சுவர் தாங்கும் பக்கமாக வையுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் ஒரு டைல்கூட ஒட்ட வேண்டாம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். அதன் இழைத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். இதற்குத் துணி மாஸ்க் போதாது. வேலையாட்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இறக்கிய ஷீட்டை ஓடைச் சரிவில் தள்ளுவது பெரிய கொடுமை, அந்தத் தண்ணீரைக் கீழே ஊர் குடிக்கிறது.

ஆலையைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது, பழைய ஆலைகள் பல அதைவிட உயரம். முழுக்க இடித்துவிட்டால் அந்த உயரம் திரும்பக் கிடைக்காது. அதனால் இடிக்கும் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், இருக்கிற கட்டடத்தை அளந்து வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.