ரசிகர் தளத்தை மேற்கோளாகக் காட்டலாமா?

விக்கிப்பீடியாவில் எழுதப் பழகும் மாணவர்கள் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு பாடகரின் பாடல்களை எல்லாம் வருடவாரியாகத் தொகுத்திருக்கும் தளம் ஒன்று இருக்கும். நடத்துபவர் ஒரு ரசிகர். செய்தித்தாளில் தேடினாலும் கிடைக்காத விவரமெல்லாம் அங்கே கிடைக்கும். ஆசையாக எடுத்துக் கட்டுரையில் சேர்த்தால், மறுநாள் அனுபவமுள்ள பயனர் யாராவது 'நம்பகமான மூலம் இல்லை' என்று நீக்கியிருப்பார். "சார், பேப்பர்லயே அந்தத் தளத்தப் பாத்துத்தான் எழுதறாங்க" என்று மாணவருக்குக் கோபம்.

கோபத்தில் பாதி நியாயம் உண்டு. விக்கிப்பீடியாவின் விதி என்ன சொல்கிறது? தானே எழுதித் தானே வெளியிடுகிற எதையும் பொதுவாக மூலமாகக் கொள்ளாதே என்கிறது. எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவே சரிபார்க்க இன்னோர் ஆள் இல்லை, அதுதான் காரணம். ஆனால் அதே விதியில் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. எழுதியவர் அந்தத் துறையில் அறியப்பட்ட வல்லுநர், அவருடைய ஆக்கங்கள் வேறு நல்ல வெளியீடுகளில் ஏற்கெனவே வந்திருக்கின்றன என்றால் எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும் வேறொருவரைப் பற்றிய செய்திக்கு மட்டும் அந்த வாசலும் மூடித்தான் இருக்கும். இதை வாதாடி மாற்ற முயல வேண்டாம். எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் ஒரு நடிகையின் திருமணத்துக்கு அவர் சாட்சி ஆக மாட்டார்.

சரி, ரசிகர் தளம் தள்ளுபடி, பெரிய நிறுவனம் சொன்னால் சரி என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் சிக்கல். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியே 1990இல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுவில் ரசிகர்கள் போட்டுவைத்த பட்டியல்களிலிருந்து பிறந்ததுதான். 1998இல் அமேசான் வாங்கியது. முதலாளி மாறினார். தகவலில் பெரும்பகுதியைப் பயனர்கள் அனுப்புவது மாறவில்லை. அதனால்தான் விக்கிப்பீடியர்கள் அதை இன்றும் மூலமாக ஏற்பதில்லை.

மாணவர்களுக்கு நான் விரிவாகச் சொல்லும் கதை இந்திப் பின்னணிப் பாடகர்கள் லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பாடல் கணக்கு. 1974 கின்னஸ் புத்தகம், லதா 1948 முதல் 1974 வரை 25,000 பாடல்களுக்குக் குறையாமல் பாடியதாகச் சொன்னது. ரஃபி அதை மறுத்துக் கடிதம் எழுதினார். அவர் மறைந்த பிறகு வந்த 1984 பதிப்பு லதாவின் பெயரோடு, தாம் 28,000 பாடியதாக ரஃபி கோரினார் என்பதையும் சேர்த்து அச்சிட்டது. 1991 வாக்கில் இரண்டுமே கைவிடப்பட்டன.

25,000த்தை 26 ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் 960 வருகிறது. அந்தக் காலத்தில் வருடத்துக்கு நூறு, நூற்றிருபது இந்திப் படங்கள். படத்துக்கு ஏழெட்டுப் பாட்டு என்று வைத்தாலும், ஆண் குரல் பெண் குரல் எல்லாவற்றையும் சேர்த்து வருகிற மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். பிற மொழிப் பாடல்களைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த எண் நிற்காது.

இதை உடைத்தது பல்கலைக்கழகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. கான்பூரைச் சேர்ந்த ஹர் மந்திர் சிங் 'ஹம்ராஸ்' என்ற திரைப்பாடல் பித்தர் 1931 முதல் 1980 வரையிலான இந்திப் படப் பாடல்களைப் பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக 'இந்தி ஃபிலிம் கீத் கோஷ்' என்று தொகுத்தார். படம், பாட்டின் முதலடி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், இசைத்தட்டு எண் என்று வரிசையாக இருக்கும். சேகரிப்பாளர்கள் ஒருவர் தவற்றை ஒருவர் சுட்டிக்காட்டி எழுதுவதற்கு அவர்களுக்குள் ஒரு சிறு இதழும் ஓடியது. இந்த வகைத் தொகுப்புகளை வைத்து எண்ணினால் ரஃபியின் இந்திப் படப் பாடல்கள் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். ரசிகர்களின் உழைப்பு தங்கள் நாயகர்களின் எண்ணைக் குறைத்தது. எனக்கு அந்தத் தொகுப்பின் மீது மரியாதை வரக் காரணமே இதுதான். நாயகரின் எண்ணை ஏற்றத் துடிப்பது ரசிகரின் இயல்பு, அதற்கு எதிராகப் போகிற ரசிகரைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

எண்ணுவது லேசான வேலையும் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடுவார்கள். அது ஒன்றா இரண்டா? ஒரே மெட்டு மகிழ்ச்சியாக ஒரு தடவை, சோகமாக ஒரு தடவை வந்தால்? மொழிமாற்றுப் படத்தில் அதே குரல் தெலுங்கிலும் தமிழிலும் பாடியிருந்தால்? இவற்றை எப்படி எண்ணினோம் என்று முகப்பிலேயே சொல்லிவிடுகிற தளம் ஒரு ரகம். 'மொத்தம் 30,000+' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற தளம் வேறு ரகம். மூலத் தட்டே ஏமாற்றும் என்பதும் உண்டு. 1949இல் வந்த 'மஹல்' படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்றிருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா. தட்டின் படத்தை மட்டும் போட்டு 'ஆதாரம்' என்கிற தளத்தைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

நம் பக்கத்தில் பி. சுசீலாவுக்கு 2016இல் கின்னஸ் அங்கீகாரம் வந்தது. எண் 17,695. அதற்கு அடித்தளம் ரசிகர்கள் வருடக்கணக்கில் சேர்த்த பட்டியல். எண்ணைப் பாருங்கள், முழு ஆயிரமாக இல்லை. யாரோ உட்கார்ந்து எண்ணினால்தான் கடைசியில் 95 வரும். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்குச் சொல்லப்படும் 40,000த்தையும் மாணவர்கள் வகுத்துப் பார்ப்பார்கள். 54 ஆண்டுகளில் நாளைக்கு இரண்டு பாட்டு என்று வரும். பல மொழிகளில் ஓயாமல் பாடியவர் என்பதால் அதை வகுத்தலை மட்டும் வைத்து மறுக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது பட்டியலை.

ரசிகர் தளங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குகிற பகுதிகளும் உண்டு. 'முதன்முதலில்' என்று தொடங்கும் வரி. வசூல். நூறு நாள், வெள்ளிவிழாக் கணக்கு. இவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் தினசரியில் வந்த விளம்பரம்தான், அதைக் கொடுத்தவர் படத்தை விற்கிறவர். பகல் காட்சியை மட்டும் ஓட்டி நாள் கணக்கை நிரப்பியதை எந்த விளம்பரமும் சொல்லாது. 'நூறு நாள் ஓடியது என்று தயாரிப்பாளர் விளம்பரப்படுத்தினார்' என்று எழுதத் தயாரென்றால் அந்த விளம்பரத்தை மேற்கோள் காட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், சுற்றி வரும் தகவல். 2009இல் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொல்லாத ஒரு வாசகத்தை விக்கிப்பீடியாவில் சேர்த்தார். விக்கிப்பீடியர்கள் சான்று இல்லை என்று நீக்கினார்கள். அதற்குள் 'கார்டியன்' உட்படச் சில நாளிதழ்களின் அஞ்சலிக் குறிப்புகளில் அது ஏறிவிட்டது. அந்த மாணவரே சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரசிகர் தளங்களில் இது தினசரி நடக்கிறது. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து, அந்தத் தகவல் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். தளத்தில் வந்த தேதி அதற்குப் பின்னால் இருந்து, எழுத்துப் பிழை உட்பட வாசகமும் ஒத்துப்போனால், நீங்கள் மேற்கோள் காட்டப்போவது விக்கிப்பீடியாவையேதான்.

நல்ல ரசிகர் தளத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் தளத்தை நடத்துபவர் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் உங்களுக்கு வேண்டியது அந்தப் பாட்டுப் புத்தகம். தளம் வழிகாட்டி மட்டுமே. பக்கம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் புத்தகத்தின் விவரத்தைக் கொடுத்து, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பாட்டையே உரிமை இல்லாமல் ஏற்றியிருக்கும் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்காதீர்கள், அது வேறு வம்பு. பழைய தமிழ்ப் படங்கள் என்றால் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்து 2004இல் வந்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலோடு ஒப்பிடாமல் தேதி எதையும் எழுதாதீர்கள். அந்த நூலும் தளமும் முரண்பட்டால் இரண்டையும் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் போடுங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.

தளத்தை எடைபோட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அதில் நிச்சயமாகத் தவறு என்று தெரிந்த ஒரு வரியை எடுத்து, ஆதாரத்தோடு நடத்துபவருக்கு எழுதிவிடுங்கள். சிலர் நன்றி சொல்லித் திருத்திவிட்டு, திருத்தியதாகக் குறிப்பும் போடுவார்கள். சிலர் "எங்கள் தலைவரைக் குறைத்துப் பேசுகிறீர்கள்" என்று பொங்குவார்கள். நடுவில், பதிலே போடாமல் ஓசைப்படாமல் மாற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குறைந்தது அந்தப் பக்கத்தின் பழைய வடிவத்தை பழைய வலைப்பக்கங்களைப் பாதுகாக்கும் இணைய ஆவணகத்தில் (archive.org) சேமித்துவிட்டு எழுதுங்கள். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அதை நம்பி இருந்த ரசிகர் பக்கங்கள் மொத்தமாகப் போயின. சேமித்து வைக்கப்பட்டவற்றை மட்டுமே இன்று சரிபார்க்க முடிகிறது.