வேலி ஓரத்துப் பலகை ஏன் முதலில் மக்குகிறது?

ஏற்காட்டில் தோட்டத்து எல்லையை ஒட்டிப் போட்ட மரத்தளம் சில ஆண்டுகளில் எங்கே கெடும் என்று எளிதில் சொல்லிவிடலாம். நடுப் பலகைகள் திடமாக இருக்கும்போதே வேலிப் பக்கத்துப் பலகை கருத்து, நகத்தால் அழுத்தினால் குழியத் தொடங்கும். இரண்டும் ஒரே மரம், ஒரே ஆசாரியின் வேலை, ஒரே மழை. காற்றோட்டம்தான் வேறு.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதன் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் அது வளர உணவு, ஈரம், ஆக்சிஜன், மிதமான வெப்பம் நான்கும் ஒருங்கே வேண்டும். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு வழியில்லை. 30 சதவீதத்தை எட்டினால் அதற்குக் கொண்டாட்டம். வேலிக்கு நட்ட மரக்கால் தரைமட்டத்தில் ஒடிவதும் இதனால்தான். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, மேலே ஈரம் குறைவு. மண்ணின் விளிம்பில் இரண்டும் தாராளம். சேலம் வட்டாரத்துக் கம்பி வேலிகளில் நிற்கும் கல்கால்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே பலகை நனைவதைவிட, எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதே முக்கியம். மதில் காற்றை மறிக்கிறது, நிழல் தருகிறது, மழைத்துளியைத் தெறிக்க வைக்கிறது. கிளுவை வேலியாக இருந்தால் இலைகள் உதிர்ந்து இடுக்கில் அடைந்து, ஈரத்தைப் பொத்திவைக்கும். தளத்துக்கும் எல்லைக்கும் இடையே ஓர் அடியாவது விட வேண்டும் என்பேன். துடைப்பம் நுழையாத இடைவெளி குப்பைக்குழிதான்.

மலைச்சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேட்டுப் பக்கத்துத் தடுப்புச்சுவரில் நீர் வடிவதற்குத் துளைகள் விட்டிருப்பார்கள். தளத்தின் சட்டத்தைச் சுவரோடு ஒட்டி அறைந்து அவற்றை அடைத்துவிட்டால், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் சுவரையே தள்ளும். அப்போது பலகையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

அடியில் என்ன செய்வது என்பதை நம் பழைய திண்ணைகளே காட்டுகின்றன. அங்கே மரத்தூண் மண்ணில் நிற்பதில்லை. கல் பீடத்தின்மேல் நிற்கிறது. மண்ணின் ஈரத்தை மரத்தின் நுண்குழாய்கள் உறிஞ்சாதபடி கல் தடுக்கிறது. கறையான் ஏறினாலும் அதன் மண்புற்று கல்லின்மேல் கண்ணில் பட்டுவிடும்.

அந்த நுண்குழாய்கள் பலகையின் நீளவாக்கில் ஓடுகின்றன. எனவே அறுத்த முனை குடிக்கும் நீரில் சிறு பங்கைத்தான் பக்கவாட்டு முகம் குடிக்கும். பலகைகளை வேலிக்குச் செங்குத்தாகப் போட்டால் எல்லா முனைகளும் அந்த ஈர நிழலில் போய் நிற்கும். வேலிக்கு இணையாகப் போட்டால் கடைசிப் பலகை மட்டும் அடிவாங்கும். அதை மட்டும் மாற்றலாம். அடியிலுள்ள சட்டங்களின் முனைகள் அப்போது வேலியைப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை சில மட்டுமே. கடைசிப் பலகைக்கு உள்ளடங்கி நிறுத்தி, முனைகளுக்கு நன்றாகப் பெயின்ட் பூசிவிட்டால் போதும்.

சேலத்து மரக்கடையில் கோடையில் வாங்கிய பலகை நன்கு காய்ந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால் குளிர்ந்த, ஈரமான காற்று. மூடுபனி நாட்களில் இன்னும் மோசம். மரத்தின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 20-க்கு ஏறினால், 10 செ.மீ. அகலத் தேக்குப் பலகை ஏறத்தாழ 1.5 மி.மீ. வரை விரியலாம். நீளத்தில் மாற்றம் அநேகமாக இல்லை. நெருக்கிப் பதித்த பலகைகள் ஒன்றையொன்று தள்ளி மேலெழும்புவது இதனால்தான். பலகைகளுக்கிடையே 5 மி.மீ. விட்டால் விரியவும் இடம் உண்டு, நீர் வடியவும் வழி உண்டு. வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். வெளிப்புற வெள்ளை மரம், தேக்கே ஆனாலும், பூஞ்சையைத் தாங்காது.

வேலியோரத்து இரண்டு பலகைகளை ஆணியால் அறையாமல் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் பூட்டுங்கள். சாதாரண இரும்பு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருங்கறை விடும். தளத்தின் உயரத்தையும் முன்பே அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது: 5 அடி மதிலருகே 2 அடி உயரத் தளம் போட்டால், அதில் நிற்பவருக்கு மதில் 3 அடிதான்.