தாதிக்கு இரவுக் கண்விழிப்பு பழகிவிடுமா?

“ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு, விடியக்காலையில திடீர்னு போயிட்டாரு.” மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவமனைச் சாவைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் வார்டில் படுத்திருப்பவரின் இதயம் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதில்லை. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருத்துவமனையில் இதயம் நின்றுபோனவர்களில் 84 விழுக்காட்டினருக்கு, அதற்கு முந்திய எட்டு மணி நேரத்துக்குள் உடல்நிலை சரிந்ததோ புதிய உபாதை தோன்றியதோ பதிவேட்டிலேயே இருந்தது.

அந்தச் சரிவை மூச்சு சீக்கிரமே காட்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு 25ஐத் தொட்டால் ஆபத்து. இரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லிவிடும். சாதாரண வார்டில் மூச்சைப் பெரும்பாலும் தாதியின் கண்தான் எண்ண வேண்டும். ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருக்க வேண்டும். தூக்கம் கெட்ட மூளை கோட்டை விடுவது இந்த மாதிரி வேலையில்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். காப்பி அதைக் கரைப்பதில்லை, சற்று நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், உடலின் உள்கடிகாரம் விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில் உடல் வெப்பத்தையும் விழிப்பையும் தாழ்த்திவிடும். இரண்டும் சேரும்போது கண் திறந்திருந்தாலும் மூளை சில நொடிகள் தூங்கிவிடலாம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருக்குச் சமம் என்று 1997இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மலேசியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பும் அதுவே.

“நம்ம ஆளுங்க இருட்டுலயே ரப்பர் மரத்துல பால்வெட்டுக்குப் போகலையா? எல்லாம் பழகிடும்” என்பார்கள். பழகியது உண்மை. ஆனால் அவர்கள் முன்னிரவிலேயே படுத்து, தினமும் ஒரே நேரத்தில் எழுந்தவர்கள்; உள்கடிகாரமும் அவர்களோடு சேர்ந்தே எழுந்தது. ஷிப்ட் மாறி மாறி வரும் தாதிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

பணி அட்டவணையை உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பழைய முறையில் வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள், சுருக்கிய முறையில் செய்தவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடும் தவறுகள் செய்தார்கள். ஆள் எண்ணிக்கையும் முக்கியம். சிறிய ஊரில் இரவில் ஒரு நோயாளியைப் பெரிய நகரமான ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பி, கூடவே ஒரு தாதியும் போய்விட்டால், அவர் திரும்பும்வரை மற்றவர்கள் தலையில்தான் அந்தப் படுக்கைகளும். அந்த நேரத்தில் மூச்சை யார் எண்ணுவது?

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. ஷிப்ட் குறுகினால் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கைமாற்றம் கூடும்; கைமாறும்போது தகவல் நழுவும். ஆனாலும் ஷிப்டுகளைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் நகர்த்தலாம்; தூங்கும் நேரத்தை முன்னே இழுப்பதைவிடப் பின்தள்ளிப் போவதுதான் உள்கடிகாரத்துக்கு எளிது. இரவு ஒன்பதுக்கு வேலை முடிந்தவரை மறுநாள் காலை ஏழுக்கே திரும்ப வரச் சொல்லாமல் இருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் இருபது நிமிடத் தூக்கத்தைப் பணி நேரத்திலேயே சேர்த்துக் கொடுக்கலாம்.