அமெரிக்க வீடுகளில் டிஷ் ஆன்டெனா: ஹெச்.ஓ.ஏ. கடிதம் வந்ததும் கழற்ற வேண்டியதில்லை

அனுமதி வாங்காமல் டிஷ் வைத்திருக்கிறீர்கள், இத்தனை நாளுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் என்று குடியிருப்போர் சங்கத்திடமிருந்து, அதாவது ஹெச்.ஓ.ஏ.விடமிருந்து, கடிதம் வந்ததும் பலர் அன்றைக்கே ஏணியைத் தேடுகிறார்கள். சங்கத்தின் விதிப்புத்தகத்தில் "டிஷ் கூடாது" என்று அச்சாகி இருப்பதாலேயே அது செல்லும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் செல்லாது. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. "மத்திய அரசு விதி என் பக்கம்" என்று கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு பொதுக் கூரையில் டிஷ்ஷைப் பொருத்திவிட்டுப் பிறகு தோற்றுப்போகிறார்கள். இந்த இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: டிஷ் நிற்கும் இடம் யாருடையது என்று முதலில் பார்ப்பதில்லை.

1996ஆம் ஆண்டு டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டத்தின் 207ஆவது பிரிவு, வீட்டில் ஒளிபரப்பைப் பெறுவதைத் தடுக்கும் உள்ளூர்க் கட்டுப்பாடுகளை நீக்கும்படி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.க்கு உத்தரவிட்டது. அதன்படி வந்த விதி 1996 அக்டோபர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஓட்டார்டு' என்பார்கள். மத்திய அரசு விதித் தொகுப்பில் (சி.எஃப்.ஆர்.) தலைப்பு 47, பிரிவு 1.4000. முதலில் சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இருந்தது 1999 ஜனவரி 22 முதல் வாடகைக்காரர்களுக்கும் வந்தது. 2001 மே 25 முதல் இன்டர்நெட் போன்ற நிலையான வயர்லெஸ் சேவைக்கான ஆன்டெனாக்களையும் சேர்த்தார்கள். அதனால் இன்றைய ஸ்டார்லிங்க் வீட்டு டிஷ்ஷும் இந்தக் குடையின் கீழ் வருகிறது.

அளவு வரம்பு 1 மீட்டர், அதாவது 39.37 அங்குலம். வட்ட டிஷ் என்றால் விட்டம், சதுரமோ செவ்வகமோ என்றால் மூலைவிட்டம். அலாஸ்காவில் மட்டும் இந்த வரம்பு கிடையாது. ஆங்கரேஜில் நின்று பார்த்தால் டிவி செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரி உயரத்தில்தான் தெரியும். ஹூஸ்டனில் அதே செயற்கைக்கோள் 46 டிகிரிக்கு மேல் இருக்கும். வலுக்குறைந்த சிக்னலைப் பிடிக்க அலாஸ்காவில் பெரிய டிஷ் வேண்டும்.

எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் நகராட்சியின் ஸோனிங் விதி, ஹெச்.ஓ.ஏ. ஒப்பந்தம், வாடகை லீஸ் எல்லாவற்றையும் அளக்க இந்த விதி வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. பொருத்துவதை நியாயமின்றித் தாமதப்படுத்துகிறதா? செலவை நியாயமின்றிக் கூட்டுகிறதா? ஏற்கத்தக்க தரத்தில் சிக்னல் கிடைப்பதைத் தடுக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அந்தக் கட்டுப்பாடு நிற்காது. "முதலில் விண்ணப்பம் போடுங்கள், கமிட்டி கூடி முடிவெடுக்கும்" என்ற முன் அனுமதி முறை தாமதம் என்ற கணக்கிலேயே பெரும்பாலும் அடிபட்டுவிடும். அனுமதிக் கட்டணத்துக்கும் அதே கதிதான். ஆனாலும் டிஷ் வைத்த பிறகு ஒரு வரி எழுதித் தகவல் சொல்லிவிடுவது நல்லது. அனுமதி கேட்பதும் தகவல் சொல்வதும் ஒன்றல்ல.

இனி இடம். விதியின் பாதுகாப்பு, நீங்கள் உரிமையாளராகவோ வாடகைக்காரராகவோ இருந்து உங்களுடைய தனிப் பயன்பாட்டிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் பகுதிக்கு மட்டும்தான். தனி வீடு என்றால் முற்றம், சுவர், கூரை எல்லாம் அதில் அடங்கும். அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கதவு வழியாக மட்டும் போகக்கூடிய பால்கனியும் பேஷியோவும் அடங்கும். காண்டோ பத்திரத்தில் பால்கனியைப் பொதுச் சொத்து வகையில் எழுதியிருந்தாலும், அதைப் பயன்படுத்துவது நீங்கள் மட்டும் என்றால் பாதுகாப்பு உண்டு. பொதுக் கூரை, கட்டடத்தின் வெளிச்சுவர், பொதுத் தோட்டம், நடைபாதை எதற்கும் கிடையாது. டவுன்ஹவுஸில் பத்திரத்தை வாசித்தே தீர வேண்டும். கூரையைச் சங்கம் பராமரிக்கிறது என்பதும் கூரை சங்கத்துக்குச் சொந்தம் என்பதும் வேறுவேறு. இதை இரண்டு தரப்பும் குழப்பிக்கொள்கின்றன.

வடக்கு பார்த்த பால்கனிக்கு வருத்தமான செய்தி ஒன்று உண்டு. டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதால் அமெரிக்காவில் டிவி டிஷ் தெற்குப் பக்கமாகத்தான் பார்த்தாக வேண்டும். வடக்குப் பால்கனியில் சிக்னல் வராது என்பதற்காக, பொது இடத்தில் வைக்கும் உரிமையை விதி தரவில்லை. லீஸில் கையெழுத்துப் போடும் முன் போனில் உள்ள திசைகாட்டியைத் திறந்து, தெற்கே மரமோ எதிர்க்கட்டடமோ மறைக்கிறதா என்று பால்கனியில் நின்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பால்கனி வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சில அங்குலத்தில்தான். பாதுகாப்பு பால்கனியின் எல்லைக்குள் மட்டுமே. கைப்பிடிக் கம்பியைத் தாண்டி வெளியே நீளும் பகுதியைச் சங்கமோ வீட்டு உரிமையாளரோ தடை செய்யலாம். டிஷ்ஷின் தட்டைக் கம்பிக்கு உள்ளே வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் தட்டு குவிக்கும் சிக்னலை வாங்கும் சிறு கருவியான எல்.என்.பி.யைத் தாங்கும் கை தட்டுக்கு முன்னால் நீண்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அளக்கும்போது எல்.என்.பி.யின் நுனியிலிருந்து அளக்க வேண்டும். கம்பியில் கவ்வும் கிளாம்ப் ஏறக்குறைய எப்போதும் டிஷ்ஷை வெளியே தள்ளிவிடும். மூன்று கால் ஸ்டாண்ட் பாதுகாப்பானது.

உள்ளே தள்ளி வைத்தால் மேல்மாடியின் தளம் மறைக்கும். இதற்கு எளிய கணக்கு உண்டு. செயற்கைக்கோள் 45 டிகிரி உயரத்தில் இருந்தால், தளத்தின் விளிம்பிலிருந்து எத்தனை அடி உள்ளே டிஷ் இருக்கிறதோ அத்தனை அடி தலைக்கு மேலே காலியாக இருக்க வேண்டும். 2 அடி உள்ளே இருக்கிறதென்றால் தட்டின் மேல்விளிம்புக்கும் மேல்தளத்துக்கும் இடையே குறைந்தது 2 அடி. கைப்பிடிச் சுவர் கெட்டியான சுவராக இருந்தால் இதே கணக்கு தலைகீழாக உதவும்: சுவரின் உச்சியைவிடத் தட்டின் கீழ்விளிம்பு 1 அடி தாழ்ந்திருந்தால், சுவரிலிருந்து 1 அடிக்கு மேல் பின்னால் தள்ளினால் தப்பித்துவிடும். அந்த நிலையில் டிஷ் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, பாதிச் சண்டை அதோடு போய்விடும். தட்டு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை என்பதால், தட்டின் முகம் பார்க்கும் கோணத்தைவிட 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் சிக்னலைப் பிடிக்கும்.

ஸ்டாண்டுக்குப் பாரம் வேண்டும். 75 செ.மீ. டிஷ்ஷின் மீது மணிக்கு 90 மைல் காற்று நேராக அடித்தால் சுமார் 50 கிலோ விசை தள்ளும். 8க்கு 8க்கு 16 அங்குலக் கான்கிரீட் கட்டைகள் குறைந்தது நான்கு ஸ்டாண்டின் கால்களின் மேல் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கட்டையை நம்பாமல் டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

கேபிளுக்காக வெளிச்சுவரில் துளை போடுவதை வீட்டு உரிமையாளர் தடுக்கலாம். ஓட்டார்டு அதற்குக் கை கொடுக்காது. கண்ணாடிக் கதவின் இடுக்கில் நுழைக்கும் தட்டைக் கேபிள் கிடைக்கிறது. கதவின் அகலத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மீதிக்கு வழக்கமான உருண்டைக் கேபிளான ஆர்.ஜி. 6 ஓட்டுங்கள். தட்டைக் கேபிள் நீண்டால் சிக்னல் தேயும், கதவு நசுக்கி நசுக்கி ஒரு நாள் அறுந்தும் போகும்.

கட்டுப்பாடு விதிக்க உண்மையான உரிமை இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றை மதித்தே ஆக வேண்டும். ஒன்று பாதுகாப்பு. தீ விபத்தில் தப்பிக்கும் ஏணியில் டிஷ் கூடாது, மின்கம்பியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பவை செல்லும். ஆனால் பாதுகாப்புக் காரணத்தை விதியிலோ, கேட்டால் உடனே காட்டக்கூடிய ஆவணத்திலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும், அதேபோன்ற மற்றப் பொருட்களுக்கும் ஒரே மாதிரிப் பொருந்த வேண்டும். "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல் போதாது. கூரையின் உச்சிக்கு மேல் 12 அடியைத் தாண்டும் கம்பத்துக்கு நகராட்சி பெர்மிட் கேட்கலாம். இன்னொன்று, தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் உள்ள, அல்லது அதில் சேரத் தகுதியுள்ள கட்டடங்களும் பகுதிகளும். மூன்றாவதாக, கட்டடத்திலேயே பொது ஆன்டெனா இருந்து, நீங்கள் கேட்கும் அதே சேவையை அதே தரத்தில், கூடுதல் செலவோ தாமதமோ இல்லாமல் கொடுத்தால் தனி டிஷ்ஷைத் தடுக்கலாம். உங்களுக்கு வேண்டிய தமிழ் சேனல் அந்தப் பொது இணைப்பில் வரவில்லை என்றால் அது 'அதே சேவை' ஆகாது.

தனி வீட்டில் "வீட்டின் பின்பக்கம் வையுங்கள்" என்று சங்கம் சொன்னால், பின்பக்கத்திலும் நல்ல சிக்னல் கிடைத்து, செலவும் பெரிதாகக் கூடாத பட்சத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் வாயால் சொல்லிப் பயனில்லை. பின்பக்கத்தில் சிக்னல் மீட்டர் காட்டிய அளவு, மறைக்கும் மரத்தின் படம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். சுவர் நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னால், அதனால் சிக்னல் கெடாது என்றால் அடிக்கலாம். செடி வைத்து மறைக்கச் சொன்னால் அக்கம்பக்கத்து ஏசி யூனிட்களைப் பாருங்கள். அவை மறைப்பில்லாமல் நிற்கும்போது டிஷ்ஷுக்கு மட்டும் வேலி கேட்பது நியாயமாகாது.

உங்கள் டிஷ் விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது என்றால் கடிதத்துக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். டிஷ்ஷின் அளவு, அது நிற்கும் இடம், அந்த இடம் உங்கள் தனிப் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் லீஸ் அல்லது பத்திரப் பக்கம், விதியின் எண் 47 சி.எஃப்.ஆர். 1.4000, அளவு நாடாவோடு எடுத்த இரண்டு படங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கோபமும் வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் எஃப்.சி.சி.யிடமோ நீதிமன்றத்திலோ தீர்ப்புக் கேட்டு மனுப் போடலாம். கட்டுப்பாடு செல்லும் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை விதித்தவருடையது. பாதுகாப்பு, வரலாற்றுச் சின்னம் தொடர்பான கட்டுப்பாடு அல்லாத பட்சத்தில், மனு நிலுவையில் இருக்கும்போது டிஷ்ஷைக் கழற்றச் சொல்லவோ அபராதம் ஏற்றவோ முடியாது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும் பொதுவாகக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு.

அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் 1 மீட்டருக்கு மேற்பட்ட டிஷ்ஷுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நகராட்சி ஸோனிங் அலுவலகத்தில் எல்லை இடைவெளி, உயரம், பெர்மிட் ஆகியவற்றைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கடை, அலுவலகப் பகுதிகளில் 2 மீட்டர் வரையிலான டிஷ்களுக்கு நகராட்சி விதிகளிலிருந்து வேறொரு எஃப்.சி.சி. விதி ஓரளவு காப்புத் தருகிறது.

சட்டம் அனுமதித்தாலும் வேலை மோசமாக இருந்தால் சங்கத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். கூரையில் வைத்தால் போல்ட் ராஃப்டர் மரத்தில் இறங்க வேண்டும், வெறும் பலகையில் அல்ல. ராஃப்டர்கள் வழக்கமாக 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் இருக்கும். ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே தார்ப்பட்டை இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுகும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அதை கிரவுண்டோடு இணைக்கும் சிறு உலோக இணைப்பான கிரவுண்ட் பிளாக் வேண்டும். அங்கிருந்தும் கம்பத்திலிருந்தும் 10 ஏ.டபிள்யூ.ஜி. தடிமனுள்ள செம்புக் கம்பி வீட்டின் மின் கிரவுண்டுக்குப் போக வேண்டும். மண்ணில் தனியாக ஒரு ராடு அடித்து அதோடு நிறுத்திவிடுவது ஆபத்தானது. அந்த ராடை வீட்டுக் கிரவுண்டோடு 6 ஏ.டபிள்யூ.ஜி. செம்புக் கம்பியால் இணைக்காவிட்டால், மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உங்கள் டிவி வழியாகத்தான் பாயும்.

வீடு மாறும்போது டிஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு பாதத்தையும் கேபிளையும் விட்டுப் போகாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, துளை இருந்தால் சிலிகானால் அடைத்து, படம் எடுத்து வையுங்கள். சேதத்துக்கான பணத்தை டெபாசிட்டில் பிடிக்கும் உரிமையை ஓட்டார்டு தடுப்பதில்லை.