வக்கீல் இல்லாமல் ஜீவனாம்ச மனு போடலாமா?

தாராளமாகப் போடலாம். 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்றே சொல்கிறது. நீதிபதி அனுமதித்தால்தான் வக்கீல். அந்த அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடுவதால், கறுப்புக் கோட்டு இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஃபீஸுக்கு வழியில்லாமல், மனுவே போடாமல், பிள்ளைகளோடு அம்மா வீட்டில் காலம் தள்ளும் பெண்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தனியாக நடத்தத் தோதான வழக்கு ஜீவனாம்சம்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கான 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. எந்த மதத்தவரும் கேட்கலாம். மனைவி, விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவர், குழந்தைகள், பிழைக்க வழியில்லாத பெற்றோர் எல்லோருக்கும் பொருந்தும். விவாகரத்து கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கணவர் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. மனைவி இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். அங்கே குடும்ப நீதிமன்றம் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கல்யாணம் நடந்த தேதி, இடம், பிள்ளைகளின் பெயர், வயது, எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், ஏன், அவருக்கு என்ன வேலை, எவ்வளவு வருமானம், உங்களுக்கு மாதம் எவ்வளவு தேவை. இவ்வளவுதான் வேண்டும். மாமியார் பேசிய பேச்சையெல்லாம் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, வாடகை இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று ரசீதோடு காட்டுவது நீதிபதிக்கு உதவும். எதிர்மனுதாரரின் முகவரி மட்டும் சரியாக இருக்கட்டும். சம்மன் போய்ச் சேராமல் திரும்பினால் வாய்தாவுக்கு மேல் வாய்தாதான்.

மனுவோடு சொத்து, வருமானம், கடன் விவரங்களைச் சொல்லும் பிரமாண வாக்குமூலமும் வேண்டும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரண்டு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. இது பெரிய உதவி. அவர் சம்பளத்தை மறைத்தால், உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு சத்தியப் பிரமாணத்தோடு அவர் தலையில் விழுகிறது. நீங்கள் தையல் வேலையில் சம்பாதித்தாலும் அதை எழுதிவிடுங்கள். கொஞ்சம் வருமானம் இருப்பதால் மட்டும் ஜீவனாம்சம் போய்விடாது. மறைத்தது தெரிந்தால் உங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள்.

கூடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், ஆனாலும் அந்த 60 நாளை நீதிபதியிடம் பணிவாக ஞாபகப்படுத்துவதில் தப்பே இல்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, பணம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். உத்தரவு வந்தும் அவர் கட்டாவிட்டால், பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள்.

நடுவில் தடுமாறினால், மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100க்கு ஃபோன் பண்ணியும் கேட்கலாம். எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சமாக இருந்தால், தனி அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.

அப்புறம், கவுன்சிலிங். சமரசம் பேசிப் பார்ப்பது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. போய் உட்காருங்கள், பேசுங்கள். ஆனால் இரு தரப்பும் சம்மதித்து வரும் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. தாளை நீட்டினால் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். 'இனி எந்தப் பணமும் கேட்க மாட்டேன்' என்பது போல ஒரு வரி இருந்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் ஒரு வாய்தா கேளுங்கள்.