அகழாய்வு வேறு, மேற்பரப்பாய்வு வேறு

மதுரை மாவட்டம் அரிட்டாப்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு எழுந்ததிலிருந்து ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: “சுரங்கம் தோண்டும் முன் அங்கே அகழாய்வு நடத்த வேண்டும்.” சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது ஆர்க்கியாலஜிக்கல் சர்வே, அதாவது நிலத்தின் மேல் நடந்து தேடிப் பார்ப்பது. வாயில் வருவதோ எக்ஸ்கவேஷன், அதாவது தோண்டிப் பார்ப்பது.

சர்வே என்ற சொல் லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ‘மேல்’, ‘பார்’ என்ற இரண்டும் சேர்ந்தது. நம்மிடம் அது நில அளவை என்றே நிலைத்துவிட்டது. சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து அளப்பவர். 1861இல் தொடங்கிய ஆர்க்கியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவை இந்தியத் தொல்லியல் துறை என்கிறோம். அந்தப் பெயரில் சர்வேக்குத் தமிழே இல்லை. அதனால்தான் பக்கத்தில் கிடந்த அகழாய்வை எடுத்துக்கொள்கிறோம்.

அகழ் என்றால் தோண்டு. அகழியும் அதே வேர்தான். அகழாய்வில் மண்ணை அடுக்கடுக்காக எடுக்கிறார்கள். எடுத்த அடுக்கை யாராலும் திரும்ப வைக்க முடியாது. சர்வே அப்படியல்ல. உழுத வயலில் வரிசையாக நடந்து கருப்பு சிவப்புப் பானை ஓடு கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்வட்டம், தாழியின் விளிம்பு, பாறைக்கீறல் எது தென்பட்டாலும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களிடம் பெயர் கேட்பார்கள். ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று ஒருவர் கை காட்டினால் அங்கே சமணர் கற்படுக்கை இருக்கலாம். சில இடங்களில் சிறு சோதனைக்குழி போடுவதும் உண்டு, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சண்டை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கைப் பாருங்கள். இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்க 2013இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்த பாறைக் குகைகளில் அகழாய்வு நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 4,000 ஆண்டுப் பழைய பின்னிய முடியும் ஒன்று. அந்த நிலத்துக்குரிய பழங்குடியினரின் முன்னோருடையது என்று மரபணுச் சோதனை காட்டியது. அங்கே மனிதர் தங்கத் தொடங்கி 46,000 ஆண்டு ஆகிறது என்றும் தெரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. அகழாய்வு நடக்காமல் இல்லை. அது மீட்பு அகழாய்வு: பொருளை எடுத்துக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுப்பது. சுரங்கத்துக்கு முன் அகழாய்வு வேண்டும் என்று கேட்டால், நாம் கேட்பது இதைத்தான் என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ள முடியும். நாம் கேட்க வேண்டியது அனுமதிக்கு முந்தைய தேடல்.

சரி, ‘தொல்லியல் கணக்கெடுப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்களே, அதாவது பரவாயில்லையா? அதுவும் ஆகாது. கணக்கெடுப்பு என்றதும் மக்கள்தொகைதான் நினைவுக்கு வரும். இருப்பது தெரிந்ததை எண்ணும் வேலை அது. அரிட்டாப்பட்டியிலேயே பார்த்தோம். அரிட்டாப்பட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி சுரங்க ஏலப்பகுதி 2015.51 ஹெக்டேர். எதிர்ப்பு வந்ததும், ஏற்கெனவே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்த சுமார் 193 ஹெக்டேரை மட்டும் விலக்கி எல்லையை மாற்ற முடியுமா என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு யோசித்தது. பட்டியலில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். (2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது, நல்லவேளை.)

‘கள ஆய்வு’ தவறில்லை. ஆனால் நாட்டார் வழக்காற்றியலிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தொல்லியலார் தம் வேலைக்குச் சொல்லும் ‘மேற்பரப்பு ஆய்வு’ இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று? ‘மேல்’ என்பது மூலச்சொல்லோடும் பொருந்துகிறது. சேர்த்து எழுதினால் மேற்பரப்பாய்வு. அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் சர்வே, எக்ஸ்கவேஷன், ஸ்டடி மூன்றையும் ‘ஆய்வு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். படிக்கும் ஊர்க்காரருக்குத் தன் நிலத்தில் நடந்து பார்க்கப் போகிறார்களா, தோண்டப் போகிறார்களா என்பதே அதில் தெரிவதில்லை.

மனுவில் எழுதுவதானால் இப்படி எழுதலாம்: “ஏலத்துக்கு முன் முழுப் பரப்பிலும் தொல்லியல் மேற்பரப்பாய்வு நடத்தி, அறிக்கையைத் தமிழில் ஊராட்சியில் வைக்க வேண்டும்.”